அண்ணனின் தாளம்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். வயது முப்பத்தாறு. அண்ணனைவிட நான்கு விரற்கடை உயரம். அண்ணியின் கைக்கு எட்டாத பரண் சாமான்களையெல்லாம் நின்ற நிலையிலேயே எடுத்துக் கொடுப்பாள். இருந்தாலும் சின்னவள்தான். அப்பா அம்மா இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அவர்கள் போன பிறகும் அண்ணன் அதை விடவில்லை.

இருபத்தெட்டு வயது வரை அவள் ஒரு மருந்துக் கிடங்கில் இருப்பு சரிபார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர், அதன் திரையைத் தொட ஒரு பிளாஸ்டிக் குச்சி. இரண்டையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அலமாரிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். கிடங்கின் குறுக்கே பெட்டிகள் ஓடும் உருளைப் பாதை ஒன்று உண்டு. அதில் ஒரே ஓர் உருளை தேய்ந்துபோய், அதைக் கடக்கும் ஒவ்வொரு பெட்டியும் 'தடக்' என்று ஒரு குட்டு வாங்கும். மற்றவர்களுக்கு அது தலைவலி. சின்னவள் அதை ரசித்தாள். கனமான பெட்டியென்றால் குட்டு கொஞ்சம் தாமதிக்கும், லேசான பெட்டியென்றால் முந்திக்கொள்ளும். தூரத்தில் வரும்போதே பெட்டியைப் பார்த்துவிட்டு, குட்டு விழுகிற அதே கணத்தில் குச்சியால் அலமாரியைத் தட்டுவாள். ஒன்றுகூடத் தவறாது.

கிடங்குக்குப் புது இயந்திரங்கள் வந்து பழைய கையடக்கங்களைக் கழித்துக்கட்டியபோது, பழுதுபார்க்க வரும் கம்ப்யூட்டர்காரர் மேலாளரிடம் சொல்லி ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். அவளுடைய தட்டலைப் பல நாள் கவனித்தவர் அவர். அதில் ஓர் இசை நிரலையும் ஏற்றியிருந்தார். திரையில் எட்டு வரிசை, வரிசைக்குப் பதினாறு கட்டம். ஒரு வரிசை பெரிய டிரம், ஒன்று சின்ன டிரம், ஒன்று தாளத்தட்டு, இப்படி. குச்சியால் தொட்ட கட்டம் கறுக்கும். ஓடவிட்டால் கறுத்த கட்டத்தில் மட்டும் அடி விழும். பதினாறு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. அப்படி ஒரு சுற்றுக்குப் பேட்டர்ன் என்று பெயர். கையடக்கத்தின் சொந்தக் குரல் கொசு கத்துவது போலத்தான் இருந்தது. அதனால் ஒரு மிடி ஒயரையும், யாரோ வேண்டாமென்று போட்ட ஒரு சவுண்டு பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தார்.

"இந்த ஒயருக்குள்ள சத்தம் போகாதும்மா," என்றார் அவர். "எந்த டிரம், எப்ப, எவ்வளவு அழுத்தி அடிக்கணும்ங்கற செய்திதான் போகும். அதைக் கேட்டு அடிக்கறது அந்தப் பெட்டி."

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை பத்தவில்லை.

அவளுடைய அண்ணன் மேடைப் பாடகர். கை கீபோர்டில், வாய் மைக்கில். பிறந்தநாள், பணி ஓய்வு விழா, கம்பெனி ஆண்டு விழா என்று மண்டபம் மண்டபமாகப் பாடுவார். நல்ல குரல். சமையல்கட்டில் நிற்பவர்கள்கூடக் கரண்டியோடு எட்டிப்பார்க்கிற குரல். கூடவே ஆறு வருஷமாக ஒரு டிரம்மர் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு முற்றி, டிரம்மர் தன் சாமான்களை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் கச்சேரி. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

விட்டுப்போன ஸ்டூலை எடுக்க மறுநாள் காலை டிரம்மர் வந்தபோது கதவைத் திறந்தவள் சின்னவள்தான்.

"உங்க அண்ணனுக்குக் குரல் இருக்கு, தாளம் நிக்காது," என்றார் அவர். "மேல போனா இழுத்துடுவாரு. ஆறு வருஷம் நான் அவரு பின்னாடியே ஓடிட்டிருந்தேன். அதைச் சொன்னதுக்குத்தான் இவ்வளவு."

கோபத்தில் பேசுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். உள்ளே போய் அண்ணனின் பாட்டுப் பட்டியலை வாங்கி, சாயங்காலத்துக்குள் இருபது பாட்டுக்குப் பேட்டர்ன் போட்டு முடித்தாள்.

அன்று மூன்றாவது பாட்டில் டிரம்மர் சொன்னது புரிந்தது. குரல் மேலே ஏறிய இடத்தில் அண்ணன் வரியை இழுத்தார். பேட்டர்ன் தன்பாட்டுக்கு முன்னால் போயிற்று. திரையின் மூலையில் வேகத்தைக் காட்டும் எண் தொண்ணூற்றாறில் நின்றது. யோசிக்க நேரமில்லை. குச்சியால் அதைத் தட்டித் தட்டித் தொண்ணூறுக்கு இறக்கினாள். அவர் கீழே இறங்கியதும் மெல்லப் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்தாள். கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியவில்லை.

"மெஷின்னா மெஷின்தான்," என்று இறங்கி வந்து அவள் முதுகில் தட்டினார். "அவன் மாதிரி முன்ன பின்ன ஓடல. கல்லு மாதிரி நிக்குது."

அவள் சிரித்து வைத்தாள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் அதோடு போயிருக்கும். திறக்கவில்லை.

அதன் பிறகு எட்டு வருஷம் போயிற்று. கச்சேரிகள் பெருகின. கிடங்கு வேலையை விட்டுவிடச் சொன்னார் அண்ணன், விட்டாள். ஒயர்களை மறைக்க மேடையின் ஓரத்தில் ஒரு கறுப்புத் துணி கட்டுவார்கள். கொஞ்ச நாளில் அவளும் அதற்குப் பின்னால் போனாள். ஜனங்கள் பாட்டைப் பார்க்க வருகிறார்கள், ஒருத்தி குனிந்து பெட்டியைத் தட்டுவதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் கேட்டது நியாயமாகவே இருந்தது. ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்டூல் போடும் இடம். காலை நீட்டினால் சுவர், கையை நீட்டினால் ஸ்பீக்கர். மின்விசிறிக் காற்று துணியோடு நின்றுவிடும். துணி விலகிய இடத்தில் மேடை ஒரு கீற்று, மண்டபம் ஒரு கீற்று. ஊரில் அவள் பார்க்காத மண்டபம் இல்லை, முழுசாகப் பார்த்த மண்டபமும் இல்லை.

வீட்டிலும் அவள் அறைதான் சாமான் அறை. கட்டிலின் இருபுறமும் ஸ்பீக்கர்கள், தலைமாட்டில் ஒயர்ச் சுருள்கள். அந்தக் கையடக்கத்துக்கு ஒரு கெட்ட குணம். மின்சாரம் முழுக்கத் தீர்ந்துவிட்டால் அதற்குள் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். அதனால் அது எப்போதும் சார்ஜரில் தொங்க வேண்டும், அவள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கூடப் படித்தவளின் கல்யாணத்துக்கு ஒருமுறை கிளம்பி, சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்து பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்திருக்கிறாள். அவளுக்கே வந்த வரன்கள் ஆரம்பத்தில் நாலைந்து. ஒவ்வொரு தடவையும் அண்ணி, "இந்த சீசன் முடியட்டும், பேசலாம்," என்பாள். சீசன் முடியவே இல்லை. அண்ணி கெட்டவள் அல்ல. குனிந்து குனிந்து பிடித்துக்கொண்ட கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிடுவது அவள்தான். அந்த வீட்டில் யாரும் சின்னவளை ஒரு சொல் கடுமையாகச் சொன்னதில்லை. அதனால் யாரிடமும் சண்டை போடவும் அவளுக்கு வழியில்லை.

ஒருநாள் ஐம்பதாவது திருமண நாள் விழா ஒன்று. பெரியவருக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து மேடை வரை அவரும் மனைவியும் நடந்து வர, அண்ணன் பாட வேண்டும். துணியின் கீற்று வழியே அந்தக் காலைப் பார்த்தாள் சின்னவள். பாட்டு வேகத்துக்கு அது வராது. எண்ணை இறக்கினாள். போதவில்லை, இன்னும் இறக்கினாள். பிறகு பெரிய டிரம் வரிசையில் ஒரு கட்டத்தை அழித்து வேறொன்றைக் கறுப்பாக்கி, வலது கால் விழ வேண்டிய இடத்தில் கனமான அடி விழும்படி செய்தாள். அண்ணனுக்கு இழுத்துப் பாடுவதில் கஷ்டமே இல்லை, அவர் சுகமாகக் கூடவே வந்தார். பெரியவர் முதல் ஐந்தடி தடுமாறினார். அப்புறம் அடி விழுந்தது, கால் விழுந்தது. பாதி தூரத்தில் கைத்தடி தரையைத் தொடாமல் அவர் கையில் சும்மா தொங்கிக்கொண்டு வந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விழா முடிந்ததும் ஒரு பெண்மணி துணியை விலக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பெரியவருக்கு நடைப்பயிற்சி கொடுத்துவரும் பிசியோதெரபிஸ்ட்.

"டிரம் அடிச்சது யாரு?"

"யாரும் இல்லீங்க, இதுதான்," என்று சின்னவள் கையடக்கத்தைக் காட்டினாள்.

"அடிச்சது இது, சரி. அவரு காலைப் பாத்தது யாரு?"

எட்டு வருஷத்தில் அந்தத் துணிக்குப் பின்னால் வந்து அவளிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை.

பக்கத்து நகரத்தில் அவர்களுடைய மறுவாழ்வு மையம். நடக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கு டிக் டிக் என்று ஒரு கருவியை வைத்துத்தான் தாளம் கொடுக்கிறார்கள், பாதிப் பேர் அதை வெறுக்கிறார்கள். ஒவ்வொருவர் காலையும் பார்த்து அதற்கென்று பேட்டர்ன் போட ஓர் ஆள் வேண்டும். நிரந்தர வேலை, தங்க அறை. ஒரு மாதத்துக்குள் சொன்னால் போதும். இவ்வளவையும் அவர் நின்றபடியே சொல்லி, ஒரு தாளில் தன் போன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணனிடம் சொல்ல அவளுக்கு மூன்று நாள் ஆயிற்று. அவர் கோபிக்கவில்லை. "போயேன், உன்னை என்ன கட்டியா போட்டிருக்கு?" என்றார். அடுத்த மூச்சில், பதினோரு மாதத்துக்குக் கச்சேரி ஒப்புக்கொண்டிருப்பதையும், அதை முடித்துக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதையும் சொன்னார். அண்ணனுக்கு வேறு ஆளோடு ஒத்துவராது என்று அண்ணி சொன்னாள். தான் எவ்வளவு சரியாகச் சொல்கிறோம் என்பது அண்ணிக்கே தெரியாது.

சின்னவள் விடவில்லை. நூற்று முப்பது பாட்டின் பேட்டர்ன்களையும் சவுண்டு பெட்டியின் நினைவுக்குள்ளேயே ஏற்றினாள். பாட்டு எண்ணைத் தட்டிவிட்டு, காலால் ஒரு மிதி மிதித்தால் ஓடும். கையடக்கமும் வேண்டாம், அவளும் வேண்டாம். மூன்று வாரம் அதே வேலை. அண்ணன் இழுக்கிற இடங்களைத் தேடித் தேடி அங்கெல்லாம் வேகத்தை முன்கூட்டியே குறைத்தும் வைத்தாள். வீட்டில் பாடிப் பார்த்தபோது சரியாகவே வந்தது.

மூன்றாவது வார முடிவில் ஒரு கம்பெனி ஆண்டு விழா. சின்னவள் மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேடை முழுசாகத் தெரிந்தது. அண்ணன் நரைத்திருந்ததையும் அங்கிருந்துதான் பார்த்தாள். முதல் இரண்டு பாட்டு நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் அவர் உணர்ச்சிவசப்பட்டு, வீட்டில் இழுத்ததைவிட அதிகமாக இழுத்தார். பேட்டர்ன் போய்விட்டது. பிடிக்க ஓடினார், ஒரு வரியை விழுங்கினார், பிறகும் பிடிக்க முடியவில்லை. சிரித்துச் சமாளித்து முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் மறுபடி சறுக்கியது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் திரும்பிக் கறுப்புத் துணியைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தார்.

அவள் எழுந்துவிட்டாள். சுவர் ஓரமாக ஓடித் துணிக்குப் பின்னால் புகுந்து, பையிலிருந்து கையடக்கத்தை எடுத்து ஒயரைச் செருகினாள். மிச்ச நிகழ்ச்சி எப்போதும்போல் நடந்தது.

வேனில் அண்ணன், பெட்டியில் ஏதோ கோளாறு, ஏற்றியது சரியாக ஏறவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் கம்ப்யூட்டர்காரரை வரவழைத்துக் காட்டினார். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அது இரண்டு நாள் அண்ணனைக் குடைந்தது. கோளாறு ஒயரில் இருக்கலாம் என்றார். மூன்றாம் நாள் புத்தம்புது ஒயரோடு வந்து அவள் கட்டிலில் வைத்தார். மையம் கொடுத்த ஒரு மாதம் முடிய நான்கு நாள் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஜன்னல் வெயில் ஸ்பீக்கர்மேல் விழுந்திருந்த நேரத்தில், சின்னவள் அண்ணனைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அந்த மூன்றாவது பாட்டைப் பாடச் சொல்லி, எப்போதும்போல் வேக எண்ணைத் தட்டியபடி கூடவே பேட்டர்னை ஓட்டினாள். பாடி முடித்ததும் திரையைக் காட்டினாள். வேகம் மாறிய இடங்களையெல்லாம் நிரல் வரிசையாக எழுதி வைத்திருந்தது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூறு, எண்பத்தெட்டு, மறுபடி தொண்ணூற்றாறு.

"பாட்டே அப்படித்தான் போகுதா?" என்றார் அண்ணன்.

"இது பாட்டு இல்லண்ணா. இது நீங்க."

அவருக்குப் புரியவில்லை. எண்ணைத் தொடாமல் ஓட்டச் சொன்னார். ஓட்டினாள். அதே வரியில் விட்டார். இன்னொரு தடவை என்றார், இன்னொரு தடவையும் விட்டார். மூன்றாம் தடவை அந்த வரிக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டுத் தோள் துண்டை எடுத்துக் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். தூசியே இல்லாத கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"எத்தனை வருஷமா?"

"எட்டு."

"முதல் கச்சேரியிலேருந்தா?"

"மூணாவது பாட்டுலேருந்து."

"அவன் சொன்னான்," என்றார் மெதுவாக. டிரம்மரைத்தான் சொன்னார். "நான்தான் அடிக்கக் கை ஓங்கினேன்."

அவள் காத்திருந்தாள். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டது போலிருந்தது. இனி அவர் கோபித்துக்கொள்ளட்டும், ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும், கச்சேரியையே விடட்டும். எப்படியானாலும் தான் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த தாள் இடுப்பில் செருகியிருந்தது.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அப்பா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த முகம்.

"அப்ப நீ எப்படிம்மா போவ?"

மிரட்டல் இல்லை, கெஞ்சல்கூட இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுவரை அவள் இருப்பது அவருக்கு வசதியாக இருந்தது. இப்போது அவள் இல்லாமல் வாயைத் திறக்கவே முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிய வைத்தவள் அவளேதான்.

அண்ணன் இரண்டு வாரம் மேடை ஏறவில்லை. தலைவலி என்றார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விரலால் மேஜையைத் தட்டுவார், எண்ணுவார், நிறுத்துவார். என்ன ஆயிற்று என்று தெரியாமல் அண்ணி அழுதாள். சின்னவள் பழைய டிரம்மரிடம் போய்க் கேட்டுப் பார்த்தாள். அவர் டீ வாங்கிக் கொடுத்து, நலம் விசாரித்து, முடியாது என்று சொல்லி அனுப்பினார். மாதக் கடைசி நாளில் பிசியோதெரபிஸ்டுக்குப் போன் செய்து, வர இயலவில்லை என்று சொன்னாள். காரணம் கேட்டதற்கு, "வீட்ல ஆள் இல்லைங்க," என்றாள்.

திங்கட்கிழமையில் கச்சேரி உண்டா என்று கேட்டார் அவர். திங்கட்கிழமை யாரும் விழா வைப்பதில்லை.

கச்சேரிகள் மறுபடி தொடங்கின. ஆனால் பழைய மாதிரி இல்லை. உயரமான வரி வருவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அண்ணனின் கண் கறுப்புத் துணிப் பக்கம் போகும். பயத்தில் இன்னும் இழுப்பார். முன்பு ஒரு பாட்டுக்கு நாலு தடவை எண்ணைத் தட்டினவள் இப்போது பத்துத் தடவை தட்ட வேண்டியிருந்தது. குளியலறைக்குப் போவதானாலும் அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருந்தது. ஒருநாள் எரிச்சல் தலைக்கேறி, ஒரு வரியில் வேண்டுமென்றே குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அடி முன்னால் போயிற்று. துணிக் கீற்றில் அண்ணனின் இடது கை தெரிந்தது. கட்டைமேல் இருந்த விரல்கள் வாசிப்பதை விட்டு நின்றுபோயின. உடனே எண்ணை இறக்கிவிட்டாள். ஒரு வாரம் அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமைதோறும் அவள் மையத்துக்குப் போய்வர அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை. பஸ்ஸில் அலைய வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். ஒன்றரை மணி நேரப் பயணம். அவளை இறக்கிவிட்டு, மையத்தின் வாசலுக்கு நேர் எதிரே காரை நிறுத்தி, அவள் வெளியே வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பூங்கா இருக்கிறது, போய்க் காற்று வாங்குங்கள் என்று காவலாளி சொல்லியும் அவர் அசையவில்லை.

ஒரு திங்கட்கிழமை அங்கே ஒரு தையல்காரம்மா வந்தார். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து நாலு மாதம். எந்தப் பேட்டர்னுக்கும் அந்தக் கால் மசியவில்லை. எல்லாம் இரைச்சலாக இருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். சின்னவள் பேட்டர்ன் ஓடுவதை நிறுத்திவிட்டு, காலால் மிதிக்கிற மிஷினா, மோட்டார் மிஷினா என்று கேட்டாள். முப்பது வருஷம் கால் மிஷின்தான் என்றார் அந்தம்மா. குதிகால் எப்போது விழும், முன்கால் எப்போது விழும் என்று கேட்டுக் கேட்டுக் கட்டங்களைக் கறுப்பாக்கினாள். டிரம்மையெல்லாம் எடுத்துவிட்டு, மரத்தை மரம் தட்டுகிற மாதிரி ஒரு சத்தத்தைப் பெட்டியில் தேடிப் போட்டாள். ஓடவிட்டதும் அந்தம்மாவின் முகம் மாறியது.

"என் மிஷினா இது?" என்றார்.

இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவே பதினேழு அடி நடந்தார். மூச்சு வாங்குகிறது, உட்காருங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதற்கு, "ஓரம் அடிச்சு முடிச்சிடறேன், நிறுத்தாதீங்க," என்று திரும்பி நடந்தார். கடைசி அடியில் கால் கொஞ்சம் முந்தியது. சின்னவள் எண்ணை இரண்டு ஏற்றினாள். எட்டு வருஷத்தில் அவள் யாருக்காகவாவது தொடங்கிய வேகத்துக்கு மேலே ஏற்றியது அன்றுதான்.

வெளியே ஹாரன் கேட்டது. ஒரே ஒரு தடவை, மெதுவாக. அவள் இன்னும் இரண்டு சுற்று ஓடவிட்டாள். பிறகு ஒயரைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அண்ணன்.

"இன்னைக்கு முடிஞ்சுது."

அவர் சாவியைச் செருகினார். "அடுத்த திங்களும் வரணுமா?"

"வரணும்."

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். சனிக்கிழமை பாட வேண்டிய பாட்டுகளின் பட்டியல் டாஷ்போர்டின்மேல் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சின்னவள் முதல் பாட்டிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.